ஓட்டில்லாத முதலாளிக்கு நாங்கள் செய்த செய்முறை

எங்கள் பகுதியில் ஓட்டே இல்லாத மனுஷன் ஒருவர் எங்கள் பிரதேச சபைத் தேர்தலுக்குத் தண்ணீராய்க் காசை இறைத்தார். வேட்பாளர் அவரில்லை. வீடு கொழும்பில், லொறிகள் ஓடுவது நாடு முழுக்க, பிள்ளைகள் படிப்பது எங்கேயோ வெளிநாட்டில். றக்வானைக்கு மேலே, பஸ்ஸே மூச்சு வாங்கி ஏறுகிற மலையில் கிடக்கும் எங்கள் தோட்டத்தில் இவருக்கு என்ன வேலை என்று முதல் நாளே யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கிடையாது. முதலாளி என்று மட்டும் சொல்வோம். எந்த முதலாளி என்று கேட்க வேண்டியதே இல்லை, அந்த ஒரு மாதம் மலையில் வேறு முதலாளி இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. எனக்குக் கல்யாணமாகி மேல் லயத்துக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். என் புருஷனுக்குக் கீழ்ப் பக்கத்து ரப்பர் மலையில் பால் வெட்டுகிற வேலை. லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, அதைக் காம்பரா என்போம். பக்கத்துக் காம்பராவில் அவருடைய தங்கை, என் நாத்தனார், இருந்தாள். அவளும் என்னோடு கொழுந்துக்கு வருகிறவள்தான். லயத்தில் அவளுக்குத்தான் வாய் நீளம் என்பார்கள். சிலர் எனக்குத்தான் நீளம் என்பார்கள். எங்கள் இரண்டு பேரின் வாயையும் சரியாக அளந்து பார்க்காதவர்கள் அவர்கள்.

அந்த நாத்தனார்தான் தேர்தலில் நின்றாள். பெரிய கட்சிக்காரர்கள் தோட்டத்து ஆளை மேடையில் மாலை போட மட்டும்தான் கூப்பிடுவார்கள், பட்டியலில் போட மாட்டார்கள். அதனால் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கொஞ்சம் பேரும், பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நாநா ஒருவரும் சேர்ந்து ஒரு சுயேச்சைக் குழு போட்டார்கள். சின்னமாகத் தேத்தண்ணிக் கேத்தல் கிடைத்தது. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கரியால் கேத்தலை வரைந்து மரத்துக்கு மரம் ஒட்டினாள். மழை வந்தால் கேத்தல் கரைந்து ஒழுகும், மறுநாள் போய் வரைந்துவிட்டு வருவாள். கொழுந்துக் கூடையோடு சபைக்குப் போகப் போறாளாம் என்று ஆம்பிளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அவள் முன்னால் இல்லை.

எதிர்ப்பக்கம் பார்த்தால் தேர்த் திருவிழா. பெரிய கட்சிப் பட்டியலில் இருந்த இரண்டு பேரை முதலாளி தன் ஆட்களாக எடுத்துக்கொண்டார். கலர் போஸ்டர், ஸ்பீக்கர் கட்டிய வேன், கோயிலுக்குப் புது வர்ணம், பையன்களுக்குக் கிரிக்கட் மட்டை, ஆம்பிளைகளுக்கு என்ன கிடைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் மாரியம்மன் அவ்வளவு பளபளப்பாக நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பஜாரில் காணி புரோக்கராக இருந்த ஒரு ஆள்தான் முதலாளிக்கு ஏஜென்ட். அவன் எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன், எங்களை உரித்துப் பார்த்தவன். சேலையை லொறியிலிருந்து விட்டெறியாதீங்க, ஓட்டு விழாது, தட்டு வைத்துக் கொடுங்கள் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செய்முறை என்போம். ஒரு வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னொரு வீடு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், அதோடு ஏதாவது ஒரு பொருள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டால் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டாயிற்று. நம் முறைக்கு ஒரு தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிற வரைக்கும் அந்த வீட்டை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. சண்டைக்காரன் வீடாக இருந்தாலும் அப்படித்தான். இந்த வழக்கத்துக்காகவே வேண்டாத கல்யாணத்துக்கு மழையில் நனைந்துகொண்டு அரநாயக்க வரைக்கும் போய்வந்த ஆட்கள் நாங்கள்.

ஏஜென்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பரா காம்பராவாக வந்தான். பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள் தாம்பாளம் தூக்கி வந்தார்கள். தட்டில் எல்லாம் முறைப்படி இருந்தது, நடுவில் நைலெக்ஸ் சேலை. முதலாளி ஐயா உங்களைக் கூடப்பிறந்ததாக நினைத்துச் செய்கிறார் என்றான். முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்று ஒவ்வொரு பெண்பிள்ளையும் வாங்கினாள். எனக்கு வந்தது மயில்கழுத்து நிறம். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது, ரொம்பப் பிடித்திருந்தது. என் நாத்தனார் காம்பராவை மட்டும் அவன் மரியாதையாகத் தாண்டிப் போனான்.

அதற்கடுத்த கிழமைதான் கல்லைப் பற்றித் தெரிந்தது. மேல் லயத்துக்கு நேர் மேலே ஒரு பெரிய கல் இருக்கிறது. அதன் அடியில் கசிகிற ஊற்றுதான் எங்கள் தண்ணீர்ப் பீலிக்கு வருகிறது. குடிக்க, குளிக்க, பிள்ளை கழுவ எல்லாவற்றுக்கும் அந்தப் பீலி ஒன்றுதான். மிச்சத் தண்ணீர் ஓடையாகி இறங்கிக் கீழே, நாடு என்று நாங்கள் சொல்கிற சிங்களக் கிராமத்து ஆட்களின் வயலுக்குப் போகிறது. உச்சி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் நாத்தனார், கல்லின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பதையும் இரண்டு பேர் மெஷின் வைத்துத் துளை போடுவதையும் பார்த்திருக்கிறாள். சிங்களத்தில் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் பாவம், கூலிக்கு வந்தவர்கள், ஒளிக்கவில்லை. முதலாளியின் கல்லுடைக்கிற இடமாக இது மாறப்போகிறது அக்கே, எலெக்‌ஷன் முடிந்து சபையில் அவருடைய ஆட்கள் உட்கார்ந்ததும் பர்மிட், பர்மிட் வந்ததும் வெடி என்று சொல்லியிருக்கிறார்கள். கீழே இருக்கிற லயம் என்னாகும் என்று கேட்டதற்கு, உங்களை வேறு எங்கேயாவது போடுவார்கள் என்றார்களாம். சாமானை எடுத்து வைப்பது மாதிரி.

அவள் அந்தக் கதையைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்து எல்லோருக்கும் சொன்னாள். ஓட்டில்லாத ஆள் எதற்குச் செலவழிக்கிறார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. அவர் வாங்க வந்தது எங்கள் ஓட்டை இல்லை, எங்கள் தலைக்கு மேல் இருந்த கல்லை. ஓட்டு அதற்குப் போகிற வழி, அவ்வளவுதான். இனி எல்லோரும் கேத்தலுக்குத்தான் என்று ஒரு சத்தம் எழும்பும் என்று நான் பார்த்தேன். எழும்பவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் மூத்த பெண்பிள்ளை ஒருத்தி மெல்லச் சொன்னாள்.

"வெத்தல பாக்கோட ரெண்டு கையாலயும் வாங்கிட்டமே புள்ள."

என் நாத்தனார் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆம்பிளைகள் சிரித்தபோதெல்லாம் அவள் அழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை யார் மேலாவது கொட்ட வேண்டும், வீட்டில் புருஷன் இருந்தார்.

அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சொந்தத் தங்கச்சிக்கு ஓட்டுப் போடுவீர்களா மாட்டீர்களா என்று கேட்டேன். கத்தியைத் திருப்பிப் பிடித்துத் தீட்டினார். தண்ணீர் போனால் எங்கே போவோம், இந்தச் சுவருக்கு ஒரு வெடி தாங்குமா என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான் என்றார். பிறகு என்ன என்றேன்.

"தட்ட வாங்கினது நீ. வாங்கின வீட்டுக்கு எதிரா நிக்கிறது மனுஷன் செய்ற வேலையா? அவ என் தங்கச்சிங்கிறதாலதான் சொல்றேன். நாளைக்கு ஜெயிச்சாலும் தட்டுக்குத் துரோகம் பண்ணி ஜெயிச்சவள்னு பேர் வரும் அவளுக்கு."

அந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை. முதலாளி கொடுத்த சாராயத்தை அவர் வாயில்கூட வைக்கவில்லை. அவர் பயப்பட்டது முதலாளிக்கு இல்லை, முறைக்கு. அது எனக்குத் தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. உள்ளே போய்ச் சேலையை எடுத்து வந்து அவர் மடியில் வீசினேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். தந்த பொருளையே திருப்பிக் கொடுப்பது செருப்பால் அடிப்பது மாதிரி, அது செத்த வீட்டில்கூடச் செய்ய மாட்டார்கள் என்று சேலையை மடித்து வைத்தார்.

"அப்ப பதில் செய்முறை செஞ்சிடுவோம். அவரு தட்டு வெச்சாரு, நம்மளும் வெப்போம். கணக்குத் தீந்துச்சு."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ரெண்டு கையாலும் அவர் வாங்க வேண்டுமே என்றார். மேடையில் ஊர் பார்க்க வைத்துக் கொடுத்தால் வாங்காமல் எங்கே போவார் என்றேன். அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு லயத்து ஆம்பிளைகளைப் பார்க்கப் போனார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சுக்கு அவர் அவ்வளவு வேகமாக எழும்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பீலியடியில் பெண்பிள்ளைகள் கூட்டம். பதில் செய்முறை, வந்த முறையைவிட ஒரு கை கூட இருக்க வேண்டும், அதுதான் முறை. கொழும்பு முதலாளிக்கு மேல் ஒரு கை கூடச் செய்ய நாங்கள் யார் என்று முதலில் எல்லோருக்கும் மலைப்பாக இருந்தது. பிறகு ஒருத்தி சேலையின் ஓரத்தை விரலால் கசக்கிக் காட்டினாள். நூல் நூலாக வந்தது. இந்த நைலெக்ஸுக்கு ஒரு சேவல் தாராளம் என்றாள். சேவலா, முட்டை போடாத கோழியே போதும் என்றாள் இன்னொருத்தி. முதலாளிக்குத்தான் கொடுக்கிறோம், கிழட்டுக் கோழியைக் கொடுத்தால் நம் மானம் என்னாவது என்று மூன்றாமவள் பிடித்துக்கொண்டாள். குடம் நிரம்பி வழிகிறது, யாரும் கவனிக்கவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. கடைசியில் கோழி வைத்திருக்கிறவர்கள் நல்ல சேவலும், இல்லாதவர்கள் மிளகு, கராம்பு, பலாப்பழம், தேங்காய் என்று அவரவர் வாசலில் விளைந்ததும் கொடுப்பது என்று முடிவானது. ஒவ்வொரு தட்டிலும் சேலையைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது. அதில் நாங்கள் கெட்டிக்காரிகள்.

என் நாத்தனாருக்கு விஷயம் சொன்னபோது அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். நான் வந்தால் வேட்பாளர் செய்த வேலை என்றாகிவிடும் அண்ணி, அன்றைக்கு நான் காம்பராவை விட்டு வெளியே வர மாட்டேன் என்றாள். தன் சேவலை மட்டும் கொடுத்தாளா என்றால் அதுவும் இல்லை. எனக்குத் தட்டு வரவில்லையே, நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்றாள். வாய் மட்டும் திரும்ப வந்துவிட்டது.

தேர்தலுக்கு முன்னால் முதலாளி தோட்டத்துக்கு நேரில் வந்தது ஒரே ஒரு நாள். தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்து மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். வெயில் நன்றாக இருந்த பகல். முதலாளி வெள்ளைச் சட்டையில் நடுவில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் அவருடைய இரண்டு வேட்பாளர்கள், கழுத்து தெரியாத அளவு மாலை. படம் பிடிக்க ஒரு பத்திரிகைக்காரர் வேறு. ஏஜென்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு தோட்டமே திரண்டு வருகிறது என்று சொன்னான். அது மட்டும் உண்மை.

நாங்கள் லயத்திலிருந்து வரிசையாக இறங்கினோம். முன்னால் என் புருஷன் கோயில் தப்பை அடித்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் தாம்பாளம் தூக்கிய பெண்பிள்ளைகள், தேங்காய்க் கட்டு, மிளகுப் பை, இரண்டு பேர் சுமந்த பலாப்பழம், கால் கட்டிய சேவல்கள் கூவிக்கொண்டு. பாதிப் பேர் அந்த நைலெக்ஸ் சேலையைத்தான் கட்டியிருந்தோம். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகமெல்லாம் பல். தனக்கு மரியாதை செய்ய வருகிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பினார். மரியாதைதான் செய்ய வந்தோம். எது மரியாதை என்பதில்தான் அவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம்.

யார் பேசுவது என்று கடைசி நிமிஷத்தில் எல்லோரும் என்னைத் தள்ளிவிட்டார்கள். இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு மேடையில் ஏறியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கீழே பார்த்தேன். ஆம்பிளைகள் எல்லோரும் ஒரு விடுதலைக்குக் காத்து நிற்கிறவர்களைப் போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்லிவிட்டேன், ஒளிவு மறைவில்லாமல், மைக்கில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"ஐயா, நீங்க எங்களுக்குத் தட்டு வெச்சு சேலை குடுத்தீங்க. எங்க வழக்கத்துல அது செய்முறைங்க. வந்த முறைக்கு இது எங்க லயத்தோட பதில் முறைங்க. ரெண்டு கையாலயும் வாங்கிக்கணும்."

ஏஜென்டின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதில் முறை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஓடிவந்து முதலாளியின் காதில் என்னவோ முணுமுணுத்தான். முதலாளி சிங்களத்தில் ஹரி, ஹரி, சரி சரி என்று அவனை ஈ ஓட்டுவது போலக் கையால் ஒதுக்கிவிட்டு, ரெண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினார். பத்திரிகைக்காரர் படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார். முதலாளி தட்டை என்னிடம் தந்து மறுபடியும் ரெண்டு கையாலும் வாங்கினார். அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்த கொஞ்சம் தமிழை எடுத்து மைக்கில் சந்தோஷம், சந்தோஷம், வாங்கிக்கிட்டேன் என்றும் சொன்னார். ஸ்பீக்கர் அவருடையதுதான், மூன்று மலைக்குக் கேட்டிருக்கும். என் புருஷன் தப்பை ஓங்கி ஒரு அடி அடித்தார். ஆம்பிளைகள் மத்தியில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. அந்த நேரம் பார்த்து ஒரு சேவல் கட்டவிழ்ந்து மேடையில் ஓட, வேட்பாளர் ஒருவர் மாலையோடு அதைத் துரத்திக்கொண்டு போனார். அதுவும் பத்திரிகையில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் கலைந்ததும் ஏஜென்ட் என்னை வழியில் மறித்தான். தோட்டத்திலேயே பிறந்தவங்கதானே அக்கா நாமெல்லாம், இப்படியா செய்வது என்றான். நீ சொல்லிக்கொடுத்த வழக்கம்தானே தம்பி, பாதியைச் சொல்லிக்கொடுத்தாய், மீதியை நாங்கள் செய்தோம் என்றேன். எனக்கு நல்ல வார்த்தை நாக்கில் வருவது வழக்கமாக வீட்டுக்கு வந்த பிறகுதான். அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்தது.

அவன் லேசுப்பட்டவன் இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் தட்டுகளோடு வந்துவிட்டான், இந்தத் தடவை அரிசிப் பைகள். புதுத் தட்டை வாங்கினால் புதுக் கட்டு. வெற்றிலை பாக்கு வைத்த தட்டைக் காரணம் இல்லாமல் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஒரே ஒரு வழி உண்டு, தீட்டு. தீட்டுக் கழிகிற வரைக்கும் அந்த வீட்டில் தட்டு வைக்க மாட்டார்கள். நல்ல வேளை, அந்தக் கிழமை அரநாயக்கப் பக்கம் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்திருந்தார். கடைக் காம்பராக்காரிக்கு அவர் தூரத்துச் சித்தப்பா முறை. அவளுக்கு நான் மதினி முறை. எனக்கு எதிர்க் காம்பரா பெரியம்மா முறை. அந்த மனுஷன் உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் லயத்திலிருந்து ஒருவர் போய் ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. செத்த பிறகு லயம் முழுக்க அவருக்குச் சொந்தம். வாசலுக்கு வாசல் தீட்டு, தீட்டு என்று சொல்ல, ஏஜென்ட் அரிசியை லொறியில் திருப்பி ஏற்றினான். பெரியவரே, எங்கிருந்தாலும் நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்.

ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்கு நான் அந்த மயில்கழுத்துச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். சேவல் கொடுத்து முறை முடித்த சேலை, இனி யார் கேட்பது. கேத்தலுக்கு நேரே புள்ளடி போட்டேன், பட்டியலில் என் நாத்தனாரின் இலக்கத்துக்கும் போட்டேன். என் புருஷன் எனக்கு முன்னாலேயே போட்டுவிட்டு மரத்தடியில் நின்றிருந்தார். கீழ் நாட்டிலிருந்து சிங்களப் பெண்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒருத்தி என்னைக் கடந்து போகும்போது கேத்தலில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி கையால் காட்டிச் சிரித்துவிட்டுப் போனாள். அவர்கள் வயலுக்கும் அதே ஊற்றுதானே. என் நாத்தனார் அவர்கள் பக்கம் போய் எத்தனை படி ஏறி இறங்கியிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முடிவு காலையில் வந்தது. ஓட்டு எண்ணிய இரத்தினபுரியிலிருந்து துணிக்கடை நாநா முதல் பஸ்ஸில் ஏறி வந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் நின்ற எங்களிடம் சொன்னார். எங்கள் குழுவுக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அந்த ஒரு இடம் என் நாத்தனாருக்கு. முதலாளியின் இரண்டு பேரில் ஒருவர் தப்பினார், மற்றவர் தோற்றார். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை நிறுத்திவிட்டார். ஒரு கூடை மேலே பறந்தது, அப்புறம் பத்துக் கூடை. நான் ஓடிப் போய் நாத்தனாரைக் கட்டிப் பிடித்தேன். என்ன அண்ணி, மூச்சு விடணும் என்றாள். விடவில்லை. எங்களையெல்லாம் விலைக்கு வாங்கி மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்த காசு தோற்றுப் போனதைப் பார்த்த சந்தோஷம் சும்மா சந்தோஷமா.

ஆனால் கல் இன்னும் மேலேயேதான் இருந்தது, அதில் சிவப்புக் கோடும் இருந்தது. பர்மிட் விஷயம் சபைக்கு வந்தது சில மாதம் கழித்து. முதலாளிக்குச் சபையில் ஆளுக்குப் பஞ்சமில்லை, ஒருவர் போனால் இன்னொருவரைப் பிடிக்கத் தெரிந்தவர். எங்களுக்குக் கிடைத்த செய்தி, சபையில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறது, என் நாத்தனார் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அவளுக்கு வந்த ஆசைவார்த்தைகளை எல்லாம் எழுதினால் அது தனிப் புத்தகம். வீடு, வேலை, வேன் என்றார்கள். ஒரு தடவை தட்டோடும் வந்து பார்த்தார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு நாங்கள் அரை லயம் பஸ் ஏறிப் போனோம். பார்க்க வருகிறவர்கள் பின்னால் நிற்கலாம். உள்ளே மின்விசிறி, வார்னிஷ் மேசை, எல்லோரும் சிங்களத்தில் பேசினார்கள். கல்லுடைப்பதற்கான அனுமதி என்று வாசித்தார்கள். என் நாத்தனார் எழுந்து நின்று தமிழில் பேச ஆரம்பித்தாள். அந்த மண்டபத்தில் அதற்கு முன்னால் ஒருவரும் தமிழில் பேசியதில்லை போல, எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைத் தூக்கிவிட்டார். தலைவர் குறுக்கிட்டுச் சிங்களத்தில் சொல்லுங்கள் என்றார்.

"சொல்றேன் ஐயா. சிங்களம் எனக்குத் தெரியும். மொதல்ல பின்னால நிக்கிற எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக்கிறேன்."

சொன்னாள். அந்தக் கல்லுக்கு அடியில் குடும்பங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் தூங்குகிறார்கள், தண்ணீர் வருகிறது, இந்தப் பர்மிட்டைக் கேட்கிறவர் அங்கே ஒரு நாளும் தூங்கியதில்லை என்றாள். பிறகு அதையே ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னாள். அனுமதிக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கையாக எழும்ப எழும்ப நான் விரல் மடக்கி எண்ணினேன். எதிராக என்றார்கள். அவள் கை கடைசியாக எழும்பியது. தலைவர் இரண்டு தடவை எண்ணினார். அனுமதி இல்லை என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், ஏதோ சந்தைக் கூரை விஷயம்.

சந்தைக் கூரையை யார் கேட்டார்கள். என் புருஷன், வாழ்நாள் முழுக்க முறை தவறாத அந்த மனுஷன், மண்டபமே அதிர ஒரு விசில் அடித்தார். பியூன் ஓடிவந்து கையைப் பிடித்து அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அவர் வெளியே நின்று இன்னொன்று அடித்தார். மேசையில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார் குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில்.

"அது எங்க அண்ணன்."